பெட்ஷீட் அக்காவின் புது ஹெட்லைட்

ஆஸ்பத்திரிகளில் அவளுக்கு பெட்ஷீட் அக்கா என்று பெயர். வாசல் வாட்ச்மேனிலிருந்து தலைமை நர்ஸ் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சலவைக்கூடத்தில் வெளுக்கப்படுகின்றன. வெளுத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்து, அழுக்கானதை அள்ளிக்கொண்டு வருவது அவள் வேலை. வண்டி அவளுடைய சொந்த வண்டி.

வண்டி என்றால் லாரியோ வேனோ இல்லை. இருபத்தொரு வயதான கார். பின்பக்கம் நீளமானது. ஒரு காலத்தில் ஏதோ ஒரு குடும்பம் பிள்ளைகுட்டிகளோடு ஊர் சுற்றுவதற்கு வாங்கியிருக்க வேண்டும். அவள் கைக்கு வந்ததும் பின் சீட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு, இரும்புத் தட்டு அடித்துக்கொண்டாள். அதில் தினமும் நாற்பது மூட்டை ஏறும். மடித்த துணிதானே, பஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைப்பவர்கள் வந்து ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்க்கட்டும். இடுப்பு பேசும். அவளுடைய இடுப்பு ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

காலை மூன்றரைக்கு எழுந்திருக்க வேண்டும். நாலு மணிக்குச் சலவைக்கூடத்தில் மூட்டை ஏற்றி, நாலரைக்கு வண்டியை எடுத்தால்தான் டாக்டர்கள் வருவதற்குள் படுக்கை மாற்றிவைக்க நர்ஸ்களுக்கு நேரம் இருக்கும். மூன்று இடமும் முடித்து வீட்டுக்குத் திரும்பப் பதினொன்றாகிவிடும். சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணை மூடினால் ரெண்டு மணிக்கு மறுபடியும் சலவைக்கூடம். அழுக்குத் துணியை இறக்கி, எண்ணி, பிரித்துப் போட வேண்டும்.

அவள் புருஷன் ஐஸ் ஃபேக்டரியில் மிஷின் ஆப்பரேட்டர். ராத்திரி டூட்டி. சாயங்காலம் ஆறரைக்கு சைக்கிளை எடுத்தால், விடியற்காலை நாலரைக்கு விடுவார்கள். அவர் வீட்டுக்கு வந்து படுக்கும்போது அவள் ரோட்டில் இருப்பாள். அவள் வீட்டுக்கு வரும்போது அவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். இருபத்துமூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் கடைசி ஒன்பது வருடம் இப்படித்தான் போனது. சாயங்காலம் அரை மணி நேரம் இருவரும் விழித்திருப்பார்கள். அதிலும் குழாய் ஒழுகுகிறது, கேஸ் தீர்ந்துவிட்டது, ஹாஸ்டலில் இருக்கும் மகள் ஃபோன் பண்ணினாள் என்று பேசுவதற்குள் அவருக்கு சாப்பாட்டு டப்பாவை மூடிக் கொடுக்கும் நேரம் வந்துவிடும்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் தினமும் சந்தித்துக்கொள்வார்கள். வாய்க்கால் ரோட்டில், மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் வளைவில். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியும் அவர் ஃபேக்டரியிலிருந்து வரும் வழியும் ஒன்றுதான். நாலே முக்கால் சுமாருக்கு எதிரும் புதிருமாக வருவார்கள். தூரத்திலேயே அவருக்கு அவள் வண்டி தெரிந்துவிடும். ஒரு லைட் மஞ்சளாக எரியும், இன்னொன்று அதைவிட மங்கலாக, கண் சொருகினது போல எரியும். தூங்கி வழிகிற வண்டி என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். பக்கத்தில் வந்ததும் ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாள். நிற்க மாட்டார்கள். நின்றால் அவளுக்கு நேரமாகிவிடும், அவருக்குத் தூக்கம் போய்விடும். அவ்வளவுதான் அவர்களுடைய குடும்பம் நடத்தும் லட்சணம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மங்கல் லைட்டை மாற்றச் சொல்லி ரெண்டு மாதமாக அவர் நச்சரித்துக்கொண்டிருந்தார். மெழுகுவத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கார் ஓட்டுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்றார். அவளும் சரி சரி என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஒரு திங்கட்கிழமை விடியற்காலை, யாரோ வீடு கட்டுகிறவர்கள் பாதி ரோட்டை அடைத்து ஜல்லியைக் கொட்டிவைத்திருந்தார்கள். கொட்டிய புண்ணியவான் ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை. பிரேக் அடித்து நின்றபோது பம்பருக்கும் ஜல்லிக்கும் நடுவில் ஒரு முழம் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று அப்போதுதான் உறைத்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளுக்கு சலவைக்கூடத்தில் லீவு. அன்றைக்கு இன்னொரு ஆப்பரேட்டர் வரவில்லை என்று புருஷன் மத்தியானமே டூட்டிக்குப் போய்விட்டார். அவளுக்கு ஒரு ஆசை வந்தது. லைட்டை மாற்றிவிட்டு அவரிடம் சொல்லக் கூடாது, விடியற்காலை மதகுக்கிட்டே அவராகவே பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று. களைத்துப்போன மனுஷிக்கு இந்த வயதில் அப்படி ஒரு விளையாட்டுப் புத்தி. யாரைக் குறை சொல்ல?

ஆட்டோ எலக்ட்ரீஷியனை ஊரில் ஃபியூஸ் அண்ணன் என்பார்கள். எந்த வண்டி எந்தக் கோளாறோடு வந்தாலும் அவர் முதலில் சொல்வது, ஃபியூஸைப் பார்ப்போம் என்பதுதான். நல்ல வேலைக்காரர், ஆனால் வாய் கொஞ்சம் அதிகம். போன வருடம் ஹாரன் சரி பண்ணப் போனபோது, வண்டிக்குள்ளே பறந்துகொண்டிருந்த நூலையும் பஞ்சையும் பார்த்துவிட்டு, இது காரா, பிய்ந்த தலையணையா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அது அவளுக்கு மறக்கவில்லை. அதனால் வியாழக்கிழமை மத்தியானம் தூங்காமல் வண்டியைக் காலி பண்ணினாள். அழுக்கு மூட்டைகளை வழியிலேயே சலவைக்கூடத்தில் போட்டுவிட்டு வந்தது மட்டுமில்லை, இரும்புத் தட்டையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றி வாசலில் சாய்த்துவைத்தாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். ஈரத்துணி போட்டுத் துடைத்தாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஏறிப் போகலாம் போல இருந்தது வண்டி.

ஃபியூஸ் அண்ணன் எட்டிப் பார்த்தார். பரவாயில்லையே என்பது போல் புருவத்தைத் தூக்கினார். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பல்பை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டதற்கு அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பழைய லைட்டைக் கழற்றிக் காட்டினார். வெளிக் கண்ணாடி வெயிலில் வெந்து மஞ்சளாகியிருந்தது. உள்ளே கிண்ணத்தின் வெள்ளிப் பூச்சு உரிந்து தொங்கியது. இதற்குள் சூரியனையே வைத்தாலும் வெளியே வராது என்றார். ஒயரும் இற்றுப்போயிருந்தது. ரெண்டு பக்கமும் லைட்டை முழுசாக மாற்றி, பேட்டரியிலிருந்து புது ஒயர் இழுத்து, சுவிட்ச் கருகாமல் இருக்க நடுவில் ஒரு ரிலே வைத்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

அவர் கடைக்கு எதிரே ஒரு பழைய கிடங்கின் சுவர். அதில் கருப்புப் பெயின்டில் ஒரு நீளக் கோடும் ரெண்டு பெருக்கல் குறியும் போட்டு வைத்திருக்கிறார். காரைக் கடை வாசலில் குறித்த இடத்தில் நிறுத்தி, லைட்டைப் போட்டால், டிம் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். மேலே போனால் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். ஊரில் பாதி காருக்கு அந்தச் சுவர்தான் நீதிபதி. அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்து, திருகாணியைத் திருகித் திருகி, வெளிச்சத்தைக் கோட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். என் கோடு பொய் சொல்லாது தங்கச்சி, தைரியமாகப் போ என்று அனுப்பிவைத்தார்.

வீட்டுக்கு வந்து தட்டைத் திரும்ப மாட்டினாள். மறுநாள் நாலு மணிக்கு நாற்பது மூட்டையை ஏற்றினாள். வண்டியை எடுத்து லைட்டைப் போட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ரோட்டோரத்துப் புல் பூண்டெல்லாம் தெரிந்தது. தூரத்துப் பலகையில் இருந்த எழுத்தைப் படிக்க முடிந்தது. இத்தனை வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டிய ரோடா இது என்றிருந்தது. வழியில் ஒரு லாரிக்காரன் அவளைப் பார்த்து லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான். டிம்மில்தானே இருக்கிறது என்று சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். டிம்மில்தான் இருந்தது. உனக்கென்ன வயிற்றெரிச்சல் என்று அவனைத் திட்டிக்கொண்டே போனாள்.

மதகு வளைவில் சைக்கிள் தெரிந்தது. அவள் வேகத்தைக் குறைத்தாள். வெள்ளை வெளிச்சத்தில் அவர் முகம் பளிச்சென்று தெரிந்தது. ஒன்பது வருடத்தில் அந்த வளைவில் அவள் பார்த்ததெல்லாம் ஒரு நிழலும் ஒரு கையும்தான். இப்போது எல்லாம் தெரிந்தது. நாலு நாள் தாடி வெள்ளையாக இருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மிதித்தார். ஐயோ, இந்த மனுஷன் எப்போது இவ்வளவு கிழவனானார் என்று நினைத்தாள். அவர் கையைத் தூக்கினார். அவள் ரெண்டு தடவை ஹாரன் அடித்தாள். வளைவு திரும்பிவிட்டது.

காலை முழுக்க அந்த முகம்தான் கண்ணுக்குள் நின்றது. முதல் ஆஸ்பத்திரியில் மூட்டை இறக்கும்போதும் அதே நினைவு. பகல் டூட்டிக்கு மாற்றித் தரும்படி அவரைக் கேட்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாமாவது இதை விட்டுவிட வேண்டும் என்று ஏதேதோ யோசித்தாள். ரெண்டாவது ஆஸ்பத்திரியில் பையைத் திறந்தபோதுதான் ஃபோனைப் பார்த்தாள். அவர் நாலு தடவை கூப்பிட்டிருந்தார். திரும்பக் கூப்பிட்டால், ஒன்றுமில்லை, சின்ன அடிதான், நீ வேலையை முடித்துவிட்டு மெதுவாக வா என்றார். மெதுவாக வா என்று சொன்னால் எவளால் மெதுவாகப் போக முடியும்? மூன்றாவது ஆஸ்பத்திரியில் துணியைத் தூக்கிப்போட்டுவிட்டு, அழுக்கு மூட்டைகளோடு நேராக வீட்டுக்கு ஓட்டினாள்.

கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. நெற்றியிலும் முழங்காலிலும் பிளாஸ்திரி. சைக்கிளின் முன்சக்கரம் கோணி, சுவரில் சாய்ந்திருந்தது. எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆறு வாரம் ஆகும் என்று சொன்னார்களாம். வழியே போன பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினாராம். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். என்ன நடந்தது என்று கேட்டதும் அவருக்குக் கோபம் கொப்பளித்துக்கொண்டு வந்தது.

"எவனோ ஒரு படுபாவி. வெள்ளை வெளேர்னு ரெண்டு லைட்டு. நேரா மூஞ்சில அடிக்கறான். கையைத் தூக்கி மறைச்சுப் பாத்தேன், ஒண்ணுமே தெரியல. சக்கரம் ரோட்டை விட்டு இறங்கிருச்சு. நான் கீழ விழுந்து கிடக்கறேன், அந்த நாய் நிக்கக்கூட இல்ல. போறப்ப ரெண்டு ஹாரன் வேற."

அவள் கையில் இருந்த சொம்பைக் கீழே வைத்தாள். ஒன்பது வருடம் கேட்ட ஹாரன்தான். ஆனால் பள்ளத்தில் விழுந்துகொண்டிருக்கிறவனுக்கு எந்த ஹாரன் என்றா கேட்கும்?

அவர் இன்னும் முடிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அப்புறம் மதகு மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். எப்படியும் நீ வருவே, உன் தூங்குமூஞ்சி லைட்டு தெரியும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முக்கால் மணி நேரம். நீ வரவே இல்ல. வண்டி எங்கயாவது மக்கர் பண்ணிடுச்சோ, அந்த ஜல்லி மாதிரி எதுலயாவது இடிச்சிட்டியோன்னு பயம் வந்துருச்சு. அதான் ஃபோன் பண்ணேன்."

தனக்காகக் கூப்பிடவில்லை, அவளுக்காகக் கூப்பிட்டிருக்கிறார். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னைத் தள்ளிவிட்டுப் போனவளே காப்பாற்ற வருவாள் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றும் ஒரு கணம் தோன்றியது. வண்டி வாசலில் நிற்கிறது, ரெண்டு புது லைட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கின்றன, எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அதற்காக மட்டும் இல்லை. இவரிடம் மறைத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த வளைவில் திரும்புவது?

"அது நான்தாங்க" என்றாள்.

"எது?"

"அந்த லைட்டு. நேத்து சாயங்காலம் மாத்தினேன். நீங்க கை காட்டறீங்கன்னு நினைச்சேன்."

கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். பயம், குற்ற உணர்ச்சி, ஒன்பது வருடத் தூக்கம் எல்லாம் சேர்ந்து அழுகையாக வந்தது. அவர் ஜன்னல் வழியே வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு, அந்த ஆளை நான் ரொம்ப மோசமாகத் திட்டிவிட்டேனே என்றார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து மூக்கை அடைத்தது.

டிம் போட்டாயா என்று கேட்டார். சத்தியமாகப் போட்டேன் என்றாள். அப்புறம் எப்படி முகத்தில் அடித்தது என்று அவருக்குப் புரியவில்லை. பழைய லைட்டையே திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றாள் அவள். அது மட்டும் கூடாது, போய் ஜல்லியில் மோதுவதற்கா என்றார். ரெண்டும் நியாயம்தான். பழையதைப் போட்டால் அவள் உயிருக்கு ஆபத்து, புதியதைப் போட்டால் எதிரே வருபவன் உயிருக்கு. இவர் ஆறு வாரம் சைக்கிள் ஏறப்போவதில்லை. ஆனால் அந்த ரோட்டில் இன்னொருத்தியின் புருஷன் வருவான். நாளைக்கு நாலரை மணிக்கு அவள் வண்டியை எடுத்தாக வேண்டும்.

தூங்காத கண்ணோடு அப்படியே ஃபியூஸ் அண்ணன் கடைக்குப் போனாள். சண்டை போடுவதற்கென்றே போனாள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. என் கோடு பதினாறு வருடமாக அங்கேயே இருக்கிறது, பொய் சொல்லாது என்று கையை ஆட்டிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. உள்ளே கூரை வரைக்கும் அழுக்கு மூட்டைகள். பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுப் பார்த்தார், விரல் நுழைய இடமில்லை. முன்னால் வந்து குனிந்து பார்த்தார். வண்டி பின்னால் உட்கார்ந்து, மூக்கை மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"இதெல்லாம் நேத்து எங்க இருந்துச்சு தங்கச்சி?"

வண்டியைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். தட்டைக்கூடக் கழற்றியதைச் சொன்னாள். எதற்காக என்பதையும் சொன்னாள். பிய்ந்த தலையணை என்று அவர் கேட்டது முதற்கொண்டு சொன்னாள்.

அவர் கடை வாசலில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். சரக்கு ஏற்றுகிற வண்டி என்றால் சரக்கோடுதான் கோடு பார்க்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்பாராம். நேற்று எட்டிப் பார்த்தபோது வண்டி கண்ணாடி மாதிரி இருந்தது, கேட்கத் தோன்றவில்லை என்றார். பின்னால் பாரம் ஏறினால் முன்னால் தூக்கும், கோட்டுக்குக் கீழே வைத்த வெளிச்சம் ஆள் முகத்துக்கு ஏறிவிடும். திட்டலாம் என்று வந்தவளுக்கு அவரைப் பார்க்கவே பாவமாகிவிட்டது. தப்பில் பாதி அவருடையது, பாதி தன்னுடையது என்று தோன்றியது. ஆறு மணிக்கு நாளைய லோடை முழுசாக ஏற்றிக்கொண்டு வா, ஒரு மூட்டை குறையக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சலவைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி அன்று சாயங்காலமே நாற்பது மூட்டையையும் ஏற்றிக்கொண்டாள். வீட்டு வழியாக வந்தபோது புருஷன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நானும் வருவேன், கூசுகிறதா இல்லையா என்று சொல்ல அடிபட்ட ஆள்தானே சரியான ஆள் என்றார். படுத்திருங்கள் என்றால் கேட்பாரா? ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர்கள் ரெண்டு பேரும் விழித்திருந்து ஒரே வண்டியில் போய் எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு நினைவில்லை. வழியெல்லாம் ரெண்டு பேரும் கொட்டாவி விட்டுக்கொண்டே போனார்கள்.

ஃபியூஸ் அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார், கட்டைத் தொட்டுப் பார்த்து ரெண்டு தடவை உச்சுக்கொட்டினார். பிறகு தன்னுடைய சைக்கிளைக் கொண்டுபோய்ச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அவரை அதில் உட்காரவைத்தார். ஒரு காலைத் தரையில் ஊன்றி, கட்டுப்போட்ட கை கழுத்துத் துணியில் தொங்க, இன்னொரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டில் அவள். இருட்டத் தொடங்கியதும் லைட்டைப் போடச் சொன்னார்கள்.

வெளிச்சம் அவர் முகத்தில் அறைந்தது. கண்ணை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடியற்காலையில் தான் பார்த்து உருகிய முகம் இப்படித்தான் தவித்திருக்கிறது என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. ஃபியூஸ் அண்ணன் திருகாணியைத் திருகினார். வெளிச்சம் மெல்ல இறங்கியது. நெற்றி, கழுத்து, சட்டைப் பை, ஹேண்டில்பார். கோட்டுக்குக் கீழே வந்தும் நிறுத்தவில்லை, ஒரு விரற்கடை இன்னும் இறக்கினார். அடுத்த பக்கமும் அப்படியே. இப்போது எப்படி என்று கேட்டார்.

கூசவில்லை என்றார் புருஷன். அதற்குப் பிறகும் காரையே பார்த்துக்கொண்டிருந்தார். லைட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்குள்ளே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய கலைந்த தலையும், கண்ணுக்குக் கீழே விழுந்த கருப்பும், ஸ்டியரிங் மேல் சாய்ந்திருந்த உடம்பும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்பது வருடமாக அவர் பார்த்ததும் ரெண்டு மங்கல் லைட்டைத்தான், அவளை இல்லை.

அவர் ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்து, மெதுவாக மேலே தூக்கினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரமாக லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"இன்னும் கூசுதாங்க?"

"இல்ல" என்றார். "சும்மா, கை காட்டினேன்."

அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். லைட்டைத் திரும்பப் போட்டு, ஹாரனை ரெண்டு தடவை அழுத்தினாள்.